வழி கேட்ட மாலை

2019ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இலண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். நம் துணைவியாரின் தாயார் இறைவனடி சேர்ந்த முதலாண்டு நினைவு நாளும் அப்போது வந்தது. அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் மாலைத் திருப்பலி காண இருவரும் புறப்பட்டோம். விக்டோரியா நிலையத்தில் இறங்குமாறு மகள் சொல்லியிருந்தாள். நாமோ பெயரை நம்பி வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தில் இறங்கிவிட்டோம். முப்பதாண்டுகள் ஆங்கில இலக்கணம் கற்பித்தவருக்கு வழி கேட்பதா கடினம்?

எதிரே வந்தவரிடம், "டெல் மீ, வேர் இஸ் வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச்?" என்றோம். அவர் காட்டிய திசையில் நின்றதோ அபே. அரசர்கள் முடிசூடும் ஆங்கிலிக்கன் ஆலயம். 1903இல் திறக்கப்பட்ட நம் கத்தோலிக்கப் பேராலயம் விக்டோரியா வீதியின் மறுகோடியில் இருக்கிறது. அவர்மீது பிழையில்லை.

அங்கு நின்ற வேறொருவரிடம், "ஹவ் டு கோ டு கதீட்ரல்?" என்றோம். "ஸாரி?" என்றார். தெரியாமைக்கு வருந்துகிறார் என்றெண்ணி நகர்ந்தோம். 'மறுபடி சொல்லுங்கள்' என்பதே அதன் பொருளென மகள் பின்னர் சொல்லிச் சிரித்தாள்.

திருப்பலி தொடங்கும் நேரமாயிற்று. துணைவியாரின் கண்கள் கலங்கின. நம்மை விலக்கிவிட்டு முதிய பெண்மணி ஒருவரை அணுகினார். "எக்ஸ்கியூஸ் மீ, ப்ளீஸ். கத்தோலிக் கதீட்ரல்?" அவ்வளவே அவர் அறிந்த ஆங்கிலம். அந்த அம்மையார் நின்று, நேரே செல்லுங்கள், இடப்புறம் வீதியினின்று சற்று உள்ளடங்கி, செங்கல்லும் வெண்கல்லும் வரிவரியாய்த் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னார்.

நம்மூரில் 'ஐயா', 'தம்பி' என்னும் விளியே அன்னியரை உறவாக்கிவிடும். ஆங்கிலேயரிடம் அப்பணியை 'எக்ஸ்கியூஸ் மீ' செய்கிறது; அதை விட்டால் கேள்வி கட்டளையாகிறது. 'எப்படிப் போவது?' என்பதை அப்படியே பெயர்த்த 'ஹவ் டு கோ' அவர்கள் செவிக்கு முடியாத வாக்கியம். 'ஹவ் டூ ஐ கெட் டு' என்பார்கள். அல்லது, 'குட் யூ டெல் மீ வேர் த கதீட்ரல் இஸ்?' அந்த 'இஸ்' கடைசிக்கு நகரும் விதியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்போம்! அது தெருவில் வழி கேட்பதற்கும் உதவும் என்று ஒரு மாணவனுக்கேனும் சொன்னதில்லை.

நாங்கள் உள்ளே நுழைகையில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தார்கள். துணைவியார் தாயின் பெயரை முணுமுணுத்தபடி மெழுகுதிரி ஏற்றினார். திரும்பும்போது நிலையத்துக்கு வழி கேட்டவரும் அவரே.