ஓடினால் போதுமா?

கார் வாங்கியவரைப் பார்த்து நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எவ்வளவு வேகம் போகும்?" அடுத்தது, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" "நிறுத்தினால் நிற்குமா?" என்று கேட்கிற புண்ணியவானை நான் கண்டதில்லை. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு கிழவியைத்தான் கண்டேன்.

பெசன்ட் நகர்க் கடற்கரையை அடுத்து, அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது குப்பம். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், எஞ்சினீயரிங் மாணவன், தன் கையாலேயே ஒரு 'ட்யூன் பக்கி' கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

ட்யூன் பக்கி என்றால் மணல் மேட்டில் ஓடும் வண்டி. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. 1964-ல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வேகன் பாகங்களை வைத்து, ஃபைபர் கிளாஸ் உடம்போடு ஒன்று கட்டினார். அவர் படகு கட்டிப் பழகிய மனிதர்! அந்தப் பித்து உலகமெல்லாம் பரவியது. நம் நாட்டிலும் 2007 முதல் 'பாஹா' போட்டிக்காக மாணவர்கள் கரடுமுரடான தரையில் ஓடும் வண்டிகளைக் கட்டுகிறார்கள். அங்கே பந்தயத்துக்கு முன்னால் பிரேக் பரீட்சை உண்டு.

நம் பிள்ளையின் வண்டி புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் பிறந்தது. எஞ்சின் பின்னால், முன்னால் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், டிரம் பிரேக். பிரமாதமாகவே ஓடிற்று. ஆயா வந்து பார்த்தாள்.

"ஓட்றது இருக்கட்டும்டா. புள்ளைங்க வெளையாட்ற எடம். குறுக்க வந்தா நிக்குமா?"

பையன் பதில் பேசவில்லை. மறுநாள் வண்டியின் முன்பக்கத்தையே கழற்றிப் போட்டுவிட்டான்.

டிரம் பிரேக் ஒரு மூடிய டப்பா. மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே புகுந்தால் பிடி நழுவும்; சூடேறினாலும் நழுவும். டிஸ்க் பிரேக்கோ திறந்த தகடு. சுழலும்போதே தண்ணீரை உதறிவிடும். காற்றுப் பட்டு ஆறும். 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் ஜெயித்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். பையனும் பழைய மாருதியின் முன் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து மாட்டினான்.

இங்கேதான் சூட்சுமம். எஞ்சின் பின்னால் இருப்பதால் வண்டியின் மூக்கு லேசு. முன் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது! ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்து, அழுத்தத்தைப் பங்கு பிரித்தான். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்.

அடுத்து ஸ்பிரிங். சக்கரத்துக்கு இரண்டு முக்கோணக் கைகள், நடுவே சுருள் ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது, அந்தக் கைகளும் ஸ்டியரிங் கம்பியும் ஒத்து ஊஞ்சலாட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பிவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்கி, அது திரும்புகிறதா என்று அளந்து பார்த்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே சரியாய்ப் போயின.

ஒருவழியாக வண்டி நின்றது, மிதித்த இடத்திலேயே. ஆயாவுக்குப் பரம திருப்தி.

"அப்புறமென்ன, மணலில் விட வேண்டியதுதானே?" என்றேன்.

"இல்லீங்க ஸார். ஆமை முட்டை இருக்கும்" என்றான்.

வருஷத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அவற்றைத் தேடிக் காப்பாற்றுகிறார்கள். சக்கரம் பதிந்த தடத்தில் விழுந்தால் ஆமைக் குஞ்சு கடலுக்குப் போக முடியாமல் தவிக்கும். மணலுக்கு அடியில் இருக்கும் முட்டைக்கு எந்த டிஸ்க் பிரேக்கும் உதவாது. அரசாங்க அங்கீகாரம் இல்லாததால் ரோட்டிலும் ஓட்டக் கூடாது. ஆகவே வண்டி லாரியேறிக் கல்லூரி மைதானத்துக்குப் போய்விட்டது.

அது இருக்கட்டும். உங்கள் வீட்டு ஸ்கூட்டரின் பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?