'பின்வாங்கியவர்' என்னும் சொல்

விடியுமுன் போடிநாயக்கனூரில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்பும் உழைப்பாளர்களிடையே சபைப் பணி செய்யும் ஆயர்கள் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பழைய பாவம் ஏன் விடாமல் இழுக்கிறது என்பதே. இக்கேள்வி பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. பல மாதம் குடியை விட்டிருந்தவர் மீண்டும் குடித்துவிட்டால், அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வந்து வாசலையொட்டிய கடைசி வரிசையில் அமர்ந்திருந்து, திருவிருந்துக்கு மற்றவர்கள் எழும்போது வெளியே போய்ச் செருப்பைத் தேடுவார். அதைக் கவனிக்கப் பழகிய கண் இல்லாமல் ஆயர் பணி நடவாது.

அத்தகையவருக்குச் சபையில் 'பின்வாங்கியவர்' என்ற பெயர் உடனே விழுந்துவிடுகிறது. விசுவாசத்தையே உதறிவிட்டுப் போனவருக்கு உரிய அச்சொல்லை, விழுந்து எழத் தவிப்பவர்மீது ஒட்டுவது கொடுமை. கிறிஸ்துவின் பொருட்டுக் கடவுள் ஒருவரைக் குற்றமற்றவராக ஏற்பது நீதிமானாக்கப்படுதல். ஏற்கப்பட்டவரின் குணம் வாழ்நாளெல்லாம் மாறிவருவது பரிசுத்தமாக்கப்படுதல். முன்னதைப் பின்னதோடு குழப்புவதாலேயே, விழுந்தவர் தாம் ஏற்கப்படவே இல்லையோ என்று அஞ்சுகிறார். பவுல் சொல்லும் 'மாம்சம்' என்பதும் வெறும் உடலன்று, கடவுளை விலக்கித் தன்னையே நாடும் மனிதச் சாய்வு.

ரோமர் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் 14ஆம் வசனம் முதல் பவுலின் பேச்சு இறந்தகாலத்தை விட்டு நிகழ்காலத்துக்கு மாறுகிறது. விரும்பிய நன்மையைச் செய்ய முடியாமல் அங்கே புலம்புபவர் விசுவாசி அல்லர் என்று முதலில் கருதிய அகஸ்தீன், பிற்காலத்தில் அது பவுலின் சொந்தக் குரலே என்று மனம் மாறினார். இன்றும் அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் கலாத்தியர் 5ஆம் அதிகாரம் மாம்சத்துக்கும் ஆவிக்குமான போராட்டத்தை விசுவாசிகளை நோக்கியே பேசுவதால், போராட்டம் உண்டென்பதில் ஐயமில்லை. அதைச் சாக்காக்கிப் பாவத்தோடு சமாதானமாகிவிட்டவருக்கு ரோமர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தை வாசித்துக்காட்ட வேண்டும். அழுகிறவருக்கு 8ஆம் அதிகாரத்தை. எவருக்கு எது என்று அறிவதே இப்பணியின் கடினமான பகுதி.

1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் தமிழுக்குத் தந்தார். பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுந்த பிறகே, பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் தீய ஆவியுடன் அவனுக்குக் கடும் போர் மூளுகிறது. இந்த வரிசைமுறையை ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலைச்சரிவுப் பிரசங்கங்களில் ஏலத்தைத் தாக்கும் 'கட்டே' நோய் எளிதில் உவமையாகிவிடுகிறது. ஆனால் குணமாகாத அந்நோய் பிடித்த செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழக்கமாதலால், அவ்வுவமை தவிப்பவரை நசுக்கிவிடும். காய்த்து ஓய்ந்த தண்டும் புதுத்தளிரும் ஒரே தூரில் நிற்க, பழையதைக் கவாத்து செய்துகொண்டே வருவதுதான் பொருத்தமான உவமை.

உவமையோடு வேலை முடிவதில்லை. ஜீப் திரும்பும் மாலையில் விழுந்தவரின் வீட்டுக்குப் போய், கூலி கைக்கு வரும் நாள் எது, இறங்கும் இடத்திலிருந்து வீடுவரை எந்த வழி என்று கேட்டறிந்து, அந்த நாளில் அவரோடு சேர்ந்து இறங்கி நடந்துவர மற்றொரு விசுவாசியை ஏற்பாடு செய்ய வேண்டும்.