பிள்ளையைக் கபடிக்கு அனுப்பலாமா?

 

நம்ம ஆலய இளைஞர் பிரிவுல அடுத்த மாசம் புதுக் கபடிப் பயிற்சி தொடங்குது. பேர் பதியிற தாளை முன் மண்டபத்துல வச்சதில இருந்து, அன்னதான வரிசையிலயும் செருப்பு விடுற இடத்துலயும் பெற்றோர் எங்களைக் கேட்கிறது ஒரே கேள்விதான். "அண்ணே, உங்க பையனுக்கு அப்படி ஆச்சே, மறுபடியும் அனுப்புறீங்களா? எங்க பிள்ளைய அனுப்பலாமா?" ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேச நேரம் பத்தல. அதனால இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க.

நடந்ததை முதல்ல சொல்லிடுறோம். போன வருஷம் பொங்கல் விளையாட்டு விழா, அரையிறுதி ஆட்டம். எங்க பையனுக்கு அப்ப 15 வயசு, படிவம் மூன்று. பாடி வந்த பையனைக் கணுக்கால் பிடி போட குனிஞ்சான். அந்தப் பையனோட முட்டி இவன் நெற்றிப் பொட்டுல அடிச்சது. விழுந்தான். கொஞ்ச நேரத்துல எழுந்து உட்கார்ந்து தலையைப் பிடிச்சான். "எழுந்திருடா! ஒண்ணும் இல்ல! சிங்கம் மாதிரி ஆடு!" அப்படின்னு கோட்டுக்கு வெளிய இருந்து கத்தினாங்க. கத்தினது வேற யாரும் இல்லை, நாங்கதான். பையன் எழுந்து இன்னும் பத்து நிமிஷம் ஆடினான். ஜெயிச்சோம். கை தட்டினோம்.

வீட்டுக்குப் போற வழியில காருக்குள்ள கேட்டான், "நாம ஜெயிச்சோமாப்பா?" சிரிச்சுக்கிட்டே ஆமான்னு சொன்னோம். கொஞ்ச தூரம் போனதும் அதையே கேட்டான். மூணாவது தடவை கேட்டப்ப வீட்டம்மா, "காரைத் திருப்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னாங்க.

எமர்ஜென்சியில பார்த்த டாக்டர் சின்னப் பொண்ணு. மயக்கம் போட்டானான்னு கேட்டாங்க. இல்லைன்னு கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம். கன்கஷனுக்கு மயக்கம் வரணும்னு அவசியமே இல்லை, நிறைய பேருக்கு வராதுன்னு விளக்கினாங்க. தலை குலுங்கும்போது உள்ளே மூளையும் குலுங்கி, அது வேலை செய்யிற விதம் கொஞ்ச நாளைக்குக் கெட்டுப்போறதுதான் கன்கஷனாம். ஸ்கேன் எடுத்தாங்க, இரத்தக் கசிவு இல்லை. ஸ்கேன் சரியா இருந்தா கன்கஷன் இல்லைன்னு அர்த்தம் இல்லைன்னும் சொன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க. "அடிபட்ட பிறகு ஆடினானா?"

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மூளை ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா, வளர்ற பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம், அபூர்வம்தான், ஆனா வந்தா காப்பாத்துறது கஷ்டம்னு டாக்டர் பொறுமையா சொன்னாங்க. அந்தப் பத்து நிமிஷத்தை நினைச்சா இன்னைக்கும் எங்களுக்கு வயிறு கலங்குது.

ராத்திரி வீட்டுல பையன்கிட்ட, "தலை சுத்துதுன்னு ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டோம். "சொன்னா உட்கார வச்சிடுவீங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்கப்பா. நீங்களும்தான் கத்துனீங்க"ன்னான். எங்ககிட்ட பதில் இல்லை.

அதுக்கப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு கட்சி ஆயிட்டோம். ஒரு கட்சி, போதும், நிறுத்திடலாம்னு சொன்னது. தலை ஒண்ணுதான் இருக்கு, எஸ்.பி.எம். வருது, எலும்பு முனையெல்லாம் இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு, அதுல அடிபட்டா கை காலே வளைஞ்சு வளரலாம். எல்லாம் உண்மை. இன்னொரு கட்சி, கபடிக்கு வர்றதுக்கு முன்னாடி இவன் எங்க இருந்தான்னு கேட்டது. மாமாக் கடையில, பெரிய பையன்களோட, ராத்திரி 11 மணி வரைக்கும். அந்தப் பையன்கள்ல சிலர் எந்தக் கும்பலோட போனாங்கன்னு இந்தத் தாமான்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் கழுவி, திருநீறு பூசி, திடலுக்குப் போறான். அதுவும் உண்மை.

நாங்க தோட்டத்துல வளர்ந்தவங்க. கோயில் பின்னாடி இருந்த புல் தரையில பெரியவங்க சடுகுடு ஆடுவாங்க. அடிபட்டா தோட்டத்து டிரசர்கிட்ட போவாங்க, இல்லைன்னா மஞ்சள் பத்து போட்டுக்கிட்டு மறுநாள் பால்மரம் வெட்டப் போவாங்க. வலிக்குதுன்னு சொல்றது கோழைத்தனம்னு நாங்க அங்கதான் கத்துக்கிட்டோம். அதையே பிள்ளைக்கும் கொடுத்துட்டோம்.

தொழிற்சாலையில நாங்க பல வருஷமா சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். மெஷின்ல கை மாட்டப் பார்த்து தப்பிச்சா, அதை உடனே எழுதிக் கொடுக்கணும். எழுதினவரை யாரும் திட்டக் கூடாது. திட்டினா அடுத்தவர் மறைப்பார், அதுக்கு அடுத்தவருக்குக் கை போகும். ஆபத்து இருக்குன்னு யாரும் தொழிற்சாலையை மூடுறதில்லை. ஆனா ஆபத்தைச் சொல்ல ஆள் பயந்தா அந்த இடம் உருப்படாது. அடுத்தவர் பிள்ளைகளுக்கு தினமும் காலையில இதைச் சொல்றோம். சொந்தப் பிள்ளைகிட்ட நேர்மாறா நடந்துக்கிட்டோம்.

ஆலய நிர்வாகக் கூட்டத்துல இதை மறைக்காம சொன்னோம். சிலர் கபடியே வேண்டாம்னாங்க. கடைசியில நிறுத்தல, விதி போட்டோம்.

1. தலையில அடிபட்டா, சின்ன அடியா இருந்தாலும், அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. பயிற்சியாளரோ பெற்றோரோ இதை மாத்த முடியாது.

2. மறுபடி ஆட டாக்டர் கடிதம் வேணும். முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் நடை, ஓட்டம், ஆள் மேல படாத பயிற்சி. ஒரு படியில தலைவலி வந்தா முந்தின படிக்குத் திரும்பணும். ஆளைப் பிடிக்கிற ஆட்டம் கடைசியில. எங்க பையனுக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

3. வயசும் எடையும் பார்த்துத்தான் ஜோடி. 40 கிலோ பையனை 65 கிலோ பையன்கிட்ட விடுறது வீரம் இல்லை.

4. பாயில்லாத சிமெண்டுத் தரையில பிடி பழகக் கூடாது.

5. நகம் வெட்டி, காப்பு, சங்கிலி, மாலை எல்லாம் கழற்றி வச்சுட்டு ஆடணும். இதுக்குத்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. சாமிக் கயிறை எப்படிக் கழற்றுறதுன்னு கேட்டாங்க. ஆட்டத்தோட விதியிலேயே நகை கூடாது. காலைக் கத்தரிக்கோல் மாதிரி போட்டுப் பிடிக்கிறதும், வாயைப் பொத்துறதும் விதிப்படி தப்பு. குருக்கள்தான் முடிச்சு வச்சார். "கழற்றி முருகன் பாதத்துல வைங்க, அவர் பார்த்துக்குவார்"னார். இப்ப சந்நிதி முன்னாடி ஒரு தட்டு இருக்கு.

விதி போடுறது சுலபம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு போட்டியில அதுக்குச் சோதனை வந்தது. நம்ம குழுவுல நல்லா பாடிப் போற பையன் பின்பக்கமா விழுந்து தலை தரையில பட்டது. எழுந்து, "ஓகே, ஓகே"ன்னு சொன்னான். பயிற்சியாளர் வெளிய எடுத்துட்டார். கூட்டம் கத்துது. பையனோட அப்பா ஐஸ் பெட்டி பக்கத்துல நின்ன எங்ககிட்ட வந்து, "என் பிள்ளைய நிறுத்த நீங்க யாரு?"ன்னு கேட்டார். ரெண்டு புள்ளியில தோத்தோம். கிளினிக்ல பார்த்தப்ப பையனுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அந்த அப்பா இன்னைக்கும் எங்களோட சரியா பேசல.

அப்ப வீணா தோத்தோமான்னு சிலர் கேட்டாங்க. ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே விதியே போட்டோம்? ஒண்ணும் ஆகலைன்னு எப்படி வருத்தப்படுறது?

அடுத்த வாரப் பயிற்சியில 12 வயசுப் பையன் ஒருத்தன் தானாவே வந்தான். "அண்ணே, மோதிக்கிட்டோம், தலை வலிக்குது. உட்காரட்டுமா?" யாரும் சிரிக்கல. எங்க பையன்தான் தண்ணி கொடுத்து, பக்கத்துல உட்கார்ந்து, அவன் அம்மாவுக்குப் போன் போட்டான்.

கபடி மட்டும் இல்லை, பந்து, ரக்பி, டேக்குவாண்டோ எல்லாத்துக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவுல 10 வயசுக்கும் அதுக்குக் கீழேயும் உள்ள பிள்ளைகள் தலையால பந்தை முட்டக் கூடாதுன்னு 2015லயே முடிவு பண்ணாங்க. இங்கிலாந்துல 2020ல ஆரம்பப்பள்ளி வயசுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில அதை எடுத்துட்டாங்க. அங்கேயும் பந்து விளையாட்டை நிறுத்தல.

இதையும் ஞாபகம் வச்சுக்குங்க. தலையில அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெருசாத் தெரியிறது இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றோம். நாங்க அனுப்புறோம். வீட்டம்மா இன்னும் முழு மனசோட இல்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து முன் வரிசையில உட்காருறாங்க. அது நல்லதுதான். நீங்க அனுப்புறதும் அனுப்பாததும் உங்க விருப்பம், யாரும் குறை சொல்ல மாட்டோம். பேர் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பயிற்சியை வந்து பாருங்க. தரையைப் பாருங்க, யார் யாரோட மோதுறாங்கன்னு பாருங்க, அடிபட்டா யார் நிறுத்துவாங்கன்னு கேளுங்க. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகிட்ட, "வலிச்சா எங்ககிட்ட சொல்வியா?"ன்னு கேளுங்க. உடனே ஆமான்னு சொல்லாம தயங்கினா, முதல்ல அதைச் சரி பண்ணுங்க. கபடி அப்புறம்.

பயிற்சி செவ்வாய், வியாழன் சாயங்காலம் 6 மணிக்கு, ஆலயத் திடல்ல. முதலுதவி தெரிஞ்ச பெற்றோர் யாராவது வாரம் ஒரு நாள் நிக்க முடிஞ்சா பெரிய உதவியா இருக்கும், முன் மண்டபத்துல பேர் கொடுங்க.

எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க. வேலும் மயிலும் துணை.