போர்க்களத்துப் பெட்டியுடன் இறக்காமத்தில்

கல்முனைப் பட்டினத்தில் இருந்துகொண்டு தூரதேசத்து வானொலியைக் கேட்பது இக்காலத்தில் எளிதன்று. வீட்டுக்கு வீடு எரியும் எல்.ஈ.டி. விளக்குகளும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவிகளும் எழுப்பும் இரைச்சல், மெல்லிய குரல்களை விழுங்கிவிடுகின்றது. ஆகவே, நாம் அரிதிற்பெற்றுச் செப்பனிட்ட பழைய இராணுவ வானொலி வாங்கி ஒன்றை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் இறக்காமத்துக்குப் புறப்பட்டோம்.

காரைதீவுச் சந்தியிற் கடலுக்கு விடைகொடுத்து மேற்கே திரும்பினால், சம்மாந்துறை தொடக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளிதான். அவ்வயல்களுக்கு அப்பால், பரந்த குளமொன்றின் அருகே அமைந்துள்ளது இறக்காமம். குளக்காற்று மேனியைத் தீண்டியதும் பட்டினத்து இரைச்சல் மறந்துபோயிற்று. நண்பர் வீட்டு முற்றத்தில், தென்னைக்கும் புளிக்கும் இடையே இருபது மீற்றர் செப்புக்கம்பியை இழுத்துக் கட்டினோம்.

எமது வாங்கியின் பெயர் ஆர்.1155. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படையின் லங்காஸ்டர் முதலிய குண்டுவீச்சு விமானங்களில் வைக்கப்பட்டிருந்த வகை. பத்து வால்வுகள் கொண்டது. யுத்தம் முடிந்தபின் இத்தகைய கருவிகள் மிச்சப் பொருள்களாக மலிவாக விற்கப்பட்டன. பொழுதுபோக்கு வானொலியாளர் அவற்றை ஆவலுடன் வாங்கினர். அவர்களுக்குரிய 3.5, 7, 14 மெகாஹேட்ஸ் அலைவரிசைகள் மூன்றும் இதில் அகப்படும்.

செப்பனிடும் வேலையில் அவசரம் கூடாது என்பதை நாம் பட்டறிந்தோம். முதல்நாள் ஆசை மிகுதியால் நேரே மின்சாரம் பாய்ச்சினோம். பழைய கடதாசிக் கண்டென்சர் ஒன்று புகைந்து, வீடெங்கும் நெடி பரவியது. காலத்தால் ஈரமேறிய கண்டென்சர்களை முதலில் மாற்றி, ஆளிகளின் முனைகளைத் துடைத்து, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை.

பெட்டியைச் சுற்றிப் பார்த்த வீட்டுப் பெரியவர், "சண்டைக்குச் செய்த பெட்டியால நமக்கென்ன நன்மை, தம்பி?" என்று கேட்டார்.

"இலங்கையின் வானொலியே அப்படித் தொடங்கியதுதான், மாமா" என்றோம். 1923 ஆம் ஆண்டில், தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்துப் பரிசோதனை நடத்தினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் திறந்துவைக்கப்பட்டது.

1942 ஏப்ரல் 4 ஆம் திகதிச் செய்தியையும் சொன்னோம். கொக்கலையிலிருந்து பறந்த கட்டலீனா விமானமொன்று ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டது. சுட்டு வீழ்த்தப்படுமுன் அதிலிருந்தோர் அனுப்பிய வானொலிச் செய்தி இலங்கையை எச்சரித்தது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது; ஒன்பதாந் திகதி மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் கப்பல் மூழ்கியது.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "கடல் வந்த அண்டைக்கு எங்களுக்கு ஒரு செய்தியும் வரல்ல, தம்பி. மகள் சாய்ந்தமருதுல. டெலிபோன் செத்துப் போச்சு. சைக்கிள்ல போய்ச் சேர இருட்டிட்டு. மகளும் பிள்ளைகளும் இருந்தாங்க, மருமகன் இல்ல" என்றார்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை இக்கரையோரத்தில் யார் மறப்பர்? இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. தொலைபேசி ஊமையான அந்நாள்களில், இலங்கை வானொலிச் சங்கத் தொண்டர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, கார் மின்கலத்தில் இயங்கும் சிற்றலை வானொலியால் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமானிலும் இந்திய வானொலியாளர் அவ்வாறே உதவினர். கோபுரமும் வடமும் வேண்டாத ஒரு வழி எஞ்சியிருந்தது. அதனை அறிந்தவர்களும் இருந்தனர்.

மஃரிபுக்குப் பின் 7 மெகாஹேட்ஸில் முள்ளைத் திருப்பினோம். மோர்ஸ் ஒலிகள் சிட்டுக்குருவிகள்போற் கீச்சிட்டன. தாரா கத்துவதுபோன்ற ஓர் ஓசை. உள்ளிருக்கும் துணை அலையியற்றியைச் சரிசெய்ததும் அது மனிதக் குரலாயிற்று. கடலுக்கப்பால் தமிழ்நாட்டு அன்பரொருவர் மழையைப் பற்றித் தமிழில் உரையாடிக்கொண்டிருந்தார்! பெரியவரின் பேரன் காதணியைக் கழற்ற மறுத்துவிட்டான்.

"நானும் பேசலாமா?" என்றான் அவன்.

இந்தப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது. பேசுவதாயின் பரீட்சையிற் சித்தியெய்தித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியைப் பெறல் வேண்டும் என்று விளக்கினோம். "படிக்கிறேன்" என்றான்.

பெரியவர் அவன் தலையைத் தடவினார். பழைய பெட்டியைச் செப்பனிடுதல் வெறும் பொழுதுபோக்கென்று எண்ணியிருந்தோம். அதனைக் கேட்டுப் பழகும் பிள்ளை ஊருக்கு ஒருவனேனும் இருந்தால், இன்னொரு முறை இக்கரை ஊமையாகாது.