மிஷன் வீதிப் பக்கம் சீஸர்!

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். அக்கௌன்ட்ஸ் செக்‌ஷன் மொத்தமும் ஒரே நேரத்தில் கண்ணடிக்கும். நான் போனது பொம்மைப் படம் பார்க்க என்றால் யார் நம்புகிறார்கள்?

சத்தியமாக பொம்மைப் படம்தான். 'ஆஸ்டெரிக்ஸ்'! கோசினி எழுத, உடெர்ஸோ வரைய, 1959-ல் பிரான்ஸில் ஒரு பத்திரிகையில் தொடராக ஆரம்பித்த சித்திரக்கதை. (லயன் காமிக்ஸில் லக்கி லூக் படித்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். அதில் பல கதைகள் இதே கோசினி எழுதியவை.) ஜூலியஸ் சீஸர் 'கால்' தேசம் முழுவதையும் பிடித்துவிடுகிறார். கால் என்றால் கை, கால் அல்ல. பிரான்ஸின் புராதனப் பெயர். ஒரே ஒரு குக்கிராமம் மட்டும் மந்திரக் கஷாயம் குடித்துவிட்டு ரோமானியர்களை உதைத்து அனுப்புகிறது. குடித்தால் வீரம் வருகிற ஊர்... பாண்டிச்சேரிக்குப் பொருத்தம்தானே?

பீச் ரோட்டில் காந்தி சிலையைச் சுற்றிலும் உயர உயரமாகக் கருங்கல் தூண்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அங்கிருந்து இங்கே எழுபது கிலோமீட்டராவது இருக்கும். ஆஸ்டெரிக்ஸின் குண்டு நண்பன் ஒபெலிக்ஸுக்குப் பாறைகளை முதுகில் சுமந்து டெலிவரி செய்வதுதான் தொழில். அவன்தான் இதையும் தூக்கிவந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஓடியது மிஷன் வீதிக்கு மேற்கே, ஆபீஸ் நண்பனின் பெரியப்பா வீட்டில். பெரியப்பா 'சொல்தா'. அதாவது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். எண்பத்தைந்து வயது. மடிப்புக் கலையாத சட்டை, கையில் ரிமோட். ஓடியது 1976-ல் வந்த படம். ஹெர்குலிஸ் செய்த பன்னிரண்டு சாதனைகளைப்போல நீங்களும் செய்து காட்டுங்கள் என்று சீஸர் சவால் விடுகிற கதை. எல்லாம் பிரெஞ்சு. எனக்கு 'மெர்ஸி' தாண்டித் தெரியாது.

ஒரு இடத்தில் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தை நிறுத்தினார்.

"இங்க பாருங்க தம்பி, கத்தியை வெச்சு விளையாடிட்டிருக்கானே, அவன்தான் புரூட்டஸ். யாரையாவது குத்திடப்போறே, கீழே போடுன்னு சீஸர் அதட்டறான்!"

அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. மூலக்கதை தெரியாதவனுக்குக் கிண்டல் வெறும் சத்தம். 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' பார்த்தபோது நமக்கு யாரும் விளக்கவுரை சொல்லவில்லையே? ராஜா ராணிப் படங்களாகப் பார்த்துப் பார்த்து நமக்கு ஏற்கெனவே பாடம் ஆகியிருந்தது!

"உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?" என்றேன்.

"மனப்பாடம் பண்ணாம விட்டாங்களா? எங்க சரித்திர வாத்தியார் சொல்வாரு, நம்ம மூதாதைங்க கால் தேசத்து ஆளுங்க, செம்பட்டை முடி, நீலக் கண்ணுன்னு. கிளாஸ்ல அத்தனை பேரும் நம்ம கலரு! கோரஸா ஒப்பிப்போம்."

பிரெஞ்சுக் கொடி பறந்த பல தேசங்களில் இப்படிப் பாடம் நடந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடப் பெருமையைத்தான் கோசினியும் உடெர்ஸோவும் கேலி செய்தார்கள். பிரான்ஸ்காரன் தன் பாட்டனைப் பார்த்துச் சிரிக்கிறான். பெரியப்பா, தனக்கு ஓசியில் வந்த பாட்டனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எட்டாவது சவாலுக்கு மட்டும் உரை தேவைப்படவில்லை. அது ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ் ஸார்! 'ஏ-38' என்று ஒரு பர்மிட் வாங்க வேண்டும். இந்த ஜன்னல், அந்த ஜன்னல், மாடி, மறுபடி கீழே... கடைசியில் ஆஸ்டெரிக்ஸ், புது சர்க்குலர்படி 'ஏ-39' வேண்டும் என்று இல்லாத ஒன்றைக் கேட்க, ஆபீஸுக்கே பைத்தியம் பிடிக்கிறது!

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருஷா வருஷம் நான் உசிரோட இருக்கேன்னு ஒரு காகிதம் அனுப்பணும். ஒரு தடவை ஜன்னல்ல நேரா நின்னு 'நான்தான்யா'ன்னு சொன்னா, 'காகிதத்துல இல்லியே'ங்கறான்!"

அப்போதுதான் நண்பனின் அப்பா வந்தார். பெரியப்பாவின் கடைசித் தம்பி. மில்லில் வேலை பார்த்து ரிட்டயரானவர். கையில் மீன் பை.

"எதைத் தேடறான் அண்ணே?"

"ஒரு ஃபாரம்டா."

"குடுக்க வேண்டியது ஆறு மாசத்துக்குள்ளேயா?"

பெரியப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். நண்பன் என்னைப் பார்க்கவில்லை.

விஷயம் பிறகு தெரிந்தது. 1956-ல் இந்தியாவும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இனி இந்தியர்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். அண்ணன் எழுதித் தந்தார். தம்பி தரவில்லை. அண்ணன் பிள்ளைகள் பாரீஸில். தம்பி பிள்ளை என் பக்கத்து சீட்டில், லெட்ஜரோடு. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

"ஏன் மாமா கொடுக்கலை?" என்று கேட்டேவிட்டேன்.

"அம்மாவுக்கு அப்போ உடம்பு சரியில்ல தம்பி. இவரு பட்டாளத்துக்குக் கிளம்பறேன்னு நிக்கிறாரு. யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும்ல?" என்றபடி பையை உள்ளே கொடுத்தார். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஜன்னல் ஜன்னலா அலையறதை இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றார்.

பெரியப்பா போட்டார். இந்தத் தடவை முதலில் சிரித்தது தம்பிதான்.