ரியோவில் கேட்ட சாவி

ஊர் பெயர்ந்து செல்பவர் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்களைப் பற்றிச் சங்க மலர்களில் பலரும் எழுதியுள்ளனர். அம்மிக்கல், ஊறுகாய்ச் சாடி, பாட்டியின் குத்துவிளக்கு என்று அப்பட்டியல் நீளும். உடம்பிலேயே ஒரு கலையைச் சுமந்து சென்ற மனிதர் ஒருவரைப் பற்றி ஈண்டுச் சொல்ல விழைகிறோம்.

அவர் பெயர் மித்சுயோ மயேதா. வட ஜப்பானில் 1878இல் பிறந்தவர். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் நிறுவிய கோடோகான் பள்ளியில் ஜூடோ பயின்றார். 1904இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், நாடு நாடாகச் சென்று மற்போர் மேடைகளில் பொருது, 1914இல் பிரேசில் வந்து சேர்ந்தார். அமேசான் முகத்துவாரத்தை அடுத்த பெலேம் நகரம் அவருக்கு ஊராயிற்று. 'கோமா பிரபு' என்று அழைக்கப்பட்ட அவர், 1941இல் அங்கேயே மறைந்தார்.

பெலேமில் அவரிடம் பயின்றவருள் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய குடும்பமும் 1826இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவரின் வழியினதே. ஆக, வந்தேறியிடம் வந்தேறியின் வழித்தோன்றல் கற்ற கலை இது. 1920களில் அக்குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குப் பெயர்ந்தது. கார்லோசும் மெலிந்த உடலினரான தம்பி ஹெலியோவும், வலுவைவிட நெம்புகோல் முறையை நம்பித் தரையில் கிடந்தபடியே பொரும் முறையை வளர்த்தனர். அக்காலத்தில் ஜப்பானுக்கு வெளியே ஜூடோவையும் ஜியு-ஜிட்சு என்றே பலர் அழைத்தமையால் அப்பெயர் நிலைத்தது. இன்று உலகம் அதற்குப் 'பிரேசிலிய' என்னும் அடைமொழியையும் சேர்த்துவிட்டது.

தில்லியில் எங்கள் மகள் மூன்றாண்டுகளுக்கு முன் இதைக் கற்கத் தொடங்கினாள். மாலை வகுப்பு முடிந்து அவள் தனியே திரும்புவதை விரும்பாத நாங்கள் கூடத்தின் ஓரத்தில் காத்திருந்தோம். காத்திருப்பவர் சும்மா இருப்பானேன் என்று ஆசிரியர் எங்களையும் மெத்தை விரிப்பில் இறக்கிவிட்டார். நாற்பதைக் கடந்த மூட்டுகளுக்கு அது எளிதன்று. இருப்பினும் இருவரும் வெள்ளை பெல்ட்டின் கடைநிலையிலிருந்து சற்று மேலேறியுள்ளோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சென்ற ஜூலையில் அலுவல் காரணமாக ரியோவில் மூன்று வாரம் தங்க நேர்ந்தது. கோப்பகபானா கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு கடையின் மாடியில் இருந்த பயிற்சிக்கூடத்திற்கு மூவரும் சென்றோம். அங்கு அது குளிர்காலமாம். நம் தில்லிக் குளிரைக் கண்டவருக்கு அது இளவேனில். ஆயினும் கடற்காற்றின் ஈரத்தில், துவைத்துப் போட்ட பயிற்சி உடை இரண்டு நாளாகியும் காய்வதில்லை. பயணம் செல்வோர் இரண்டாவது உடையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுதல் நலம். நகங்களை ஒட்ட வெட்டுதல், நாள் கட்டணத்தை முன்னதாகச் செலுத்துதல், அங்குள்ளோர் அனைவருடனும் கைகுலுக்குதல் ஆகியவற்றைச் செய்துவிட்டால் வேறு அறிமுகம் எதுவும் வேண்டப்படவில்லை. மொழி தெரியாத குறையை ஆங்கிலம் அறிந்த மாணவர் ஒருவர் தீர்த்து வைத்தார்.

இரண்டாம் நாள் ஆசிரியர் ஒரு கைப்பூட்டைச் செய்து காட்டி, "ஷாவி" என்றார். எங்கள் மகள் தலை நிமிர்ந்தாள். "அம்மா, சாவியா?" என்றாள். ஆம், அதே சாவிதான். போர்த்துகீசிய மொழியில் திறவுகோலுக்கும் பூட்டுப்பிடிக்கும் அது ஒரே சொல். 1500இல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட கப்ராலின் கப்பல்கள் வழியில் பிரேசில் கரையைத் தொட்டு, பின்பு கோழிக்கோட்டை அடைந்தன. அந்நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் நம் முத்துக்குளித்துறைக்கும் வந்தனர். ஜன்னலும் மேசையும் அலமாரியும் ஏலமும் நமக்கு அவர்கள் வழியே வந்தவை.

அக்கூடத்தின் மூத்த ஆசான் கறுப்பும் சிவப்பும் கலந்த பெல்ட் அணிந்த முதியவர். அவரை எல்லாரும் "மெஷ்த்ரி" என்று அழைத்தனர். நம் கட்டட வேலையில் மேஸ்திரிக்கு உள்ள மதிப்பு அவருக்கு அங்கு இருந்தது! அவர் ஒஸ்வால்தோ ஃபாதாவின் வழியில் வந்தவர். ஃபாதா மயேதாவின் இன்னொரு மாணவர் மரபினர். ரியோவின் புறநகர் ஏழைகளுக்குக் கற்பித்தவர். கிரேசி குடும்பத்தின் புகழ் உலகெங்கும் ஒலிக்க, ஃபாதாவின் பெயரைப் பயணிகள் அறியாமலே திரும்புவது எங்களுக்கு வருத்தமே.

இக்கலையின் உயிர்நிலை, தோற்றவர் கையால் இருமுறை தட்டுவது. தட்டிய நொடியில் எதிரி பிடியை விட்டாக வேண்டும். அந்த நம்பிக்கை இருப்பதனால்தான் முன்பின் அறியாதவரிடம் கழுத்தையும் கையையும் ஒப்படைக்க முடிகிறது. மூன்றாம் நாள், தன்னினும் பருத்த ஒரு நீல பெல்ட் பெண்ணிடம் எங்கள் மகளின் முழங்கை சிக்கியது. அவள் தட்டவில்லை. கை நீண்டு நிமிர்ந்தது, முகம் வெளுத்தது, அப்போதும் தட்டவில்லை. எங்களில் ஒருவர் "தட்டு!" என்று கூவ, மற்றவர் எழுந்தே விட்டார். அதற்குள் அப்பெண் தானாகவே பிடியை விட்டு, எழுந்து அமர்ந்து, அவள் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள்.

முதியவர் அருகே வந்தார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம்; அவரோ கதை சொன்னார். 1951 அக்டோபரில் மரக்கனா அரங்கில் ஜப்பானின் கிமுரா, ஹெலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பூட்டினார். ஹெலியோ தட்ட மறுத்தார். அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார். தோற்ற பிரேசிலியரோ, தம்மை வென்ற அந்தப் பூட்டுக்குக் 'கிமுரா' என்றே பெயரிட்டனர். இன்றும் உலகெங்கும் அதற்கு அதுவே பெயர்.

"உனக்குத் துண்டு எறிய இங்கே அண்ணன் இல்லை, உன் கைதான் இருக்கிறது," என்று முடித்தார் அவர். துண்டுக்கு அவர் சொன்ன சொல் "துவால்யா." அதைக் கேட்டதும் வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். அடுத்த சுற்றில் அதே பெண்ணிடம் நான்கு முறை தட்டினாள்.

எங்கள் மகள் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை விட்டு ஓராண்டாகிறது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் இந்தியில் விடை சொல்வது வழக்கம். இதைப் பற்றி எங்கள் இருவருக்குள் கருத்து வேற்றுமை உண்டு. வற்புறுத்த வேண்டும் என்பார் ஒருவர். விட்டுப் பிடிக்கலாம் என்பார் மற்றவர். ரியோவிலும் அது தீரவில்லை.

அன்று இரவு விடுதியில், காயாத உடைகள் தொங்கிய ஜன்னலோரம் அமர்ந்து, கட்டண ரசீதின் பின்புறத்தில் அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சாவி, மேஸ்திரி, ஜன்னல், மேசை என்று தமிழ் எழுத்தில் ஒரு வரிசை. பேனாவை நிறுத்தி, "அப்பா, துவாலைக்கு எந்த 'லை'?" என்று கேட்டாள்.