ஐந்து பெண்களும் ஒரு கைத்தராசும்

பள்ளிக்கூடத்தில் அறிவியல் போட்டி என்று குழந்தை வந்து சொன்னதும் நம் வீடுகளில் என்ன நடக்கும்? தெர்மோகோல் வாங்க ஓர் ஆள் ஓடும். பேட்டரி, சின்ன பல்பு, ஒயர், வண்ணக் காகிதம் எல்லாம் வந்து சேரும். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார், குழந்தை தூங்கிப் போயிருக்கும். மறுநாள் பரிசு அப்பாவுக்கா பிள்ளைக்கா என்று அந்தப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

2012-ஆம் வருஷம் என் பெண் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வந்த போட்டி அந்த ரகத்தில் இல்லை. குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று பெயர். 1993 முதல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நாடு முழுக்க நடந்து வருவது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்துகிறார்கள். பத்திலிருந்து பதினேழு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். தங்கள் ஊரில் உள்ள ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மாதக் கணக்கில் தாங்களே அளந்து, எழுதி, கடைசியில் மேடையேறிச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி ஒட்டுகிற வேலை கிடையாது. நாள்தோறும் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம் என்றதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிற்று.

அந்த வருஷத் தலைப்பு ஆற்றல். வடலூரில் இருந்துகொண்டு ஆற்றலுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை, பாருங்கள். மொட்டை மாடியில் ஏறினால் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகை தெரியும். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. "சுரங்கத்தைப் பற்றியே எழுதுங்களேன், நான் சொல்லித் தருகிறேன்" என்றார். ஐந்து பெண்களும் கூடிப் பேசிவிட்டு மாட்டோம் என்றார்கள். "சுரங்கத்த நாங்க போயி அளக்க முடியாதுப்பா. அடுப்பத்தான் அளக்க முடியும்" என்றாள் என் பெண்.

அடுப்பை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த செப்டம்பரில்தான் மானிய விலையில் வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான் என்று அறிவிப்பு வந்தது. (மறு ஜனவரியில் அதை ஒன்பது ஆக்கினார்கள்.) எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் முப்பத்தெட்டு நாள் வரும். ஆறு சிலிண்டரில் வருஷத்தை ஓட்ட வேண்டுமானால் அது அறுபது நாள் வரவேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது? கரண்ட் அடுப்பு வாங்கலாமா என்றால் அதே சமயத்தில்தான் தமிழ்நாடு பூராவும் மின்வெட்டு. சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற நெய்வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரசம் தாளித்தோம்.

என் மாமியார் மட்டும், "லெகோ இருந்திருந்தா இந்தக் கவலை உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார். பழைய வாசகியருக்கு நினைவிருக்கும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி அடுப்புக்கென்று கட்டி கட்டியாக விற்றார்களே, அதுதான் லெகோ. பற்ற வைக்கத்தான் பாடு. பிடித்துவிட்டால் புகையில்லாமல் செக்கச் செவேலென்று நின்று எரியும். அந்த ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ஐந்து பேர், ஐந்து வீடு. மூன்றில் காஸ், ஒன்றில் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒன்றில் விறகு. எல்லா வீட்டிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள் என்று பார்ப்பதாகத் திட்டம். மூன்று மாதம் என் அடுக்களை என் வசம் இல்லை. நான் ஃபேனைப் போட்டால் "அம்மா, காத்து!" என்று கத்துவாள். கத்தினாலும் காரியம் இருந்தது. எங்கள் அடுப்பில் மூடாத பாத்திரத்தில் 12 நிமிஷம் ஆன தண்ணீர், தட்டைப் போட்டு மூடினால் 10 நிமிஷத்தில் கொதித்தது. ஜன்னல் காற்று அடுப்பில் படும்படி விட்டால் 14 நிமிஷம். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து வேகவிட்டால், ஊறாத பருப்புக்கு ஆன நேரத்தில் முக்கால் பங்குகூட ஆகவில்லை. நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தட்டு போடாமல் பால்கூடக் காய்ச்ச மனம் வருவதில்லை.

உண்மையில் இந்த ஆய்வின் உயிரே அந்த விறகு வீட்டில்தான் இருந்தது. பார்வதிபுரம் பக்கத்தில் அவர்கள் வீடு. அந்தப் பெண்தான் குழுத் தலைவி. அப்பாவுக்குக் கொத்தனார் வேலை, அம்மா முந்திரி உடைக்கப் போகிறவள். சமையலெல்லாம் அப்பாவைப் பெற்ற ஆயா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பிழைப்பு போயிற்று, விறகு மட்டும் குவிந்தது. அந்த வீட்டுக் கொல்லையில் முந்திரிக் கட்டையும் மிலாரும் மலையாகக் கிடந்தன.

விறகை எப்படி அளப்பது? எரித்ததை நிறுத்து, மிஞ்சிய கரியைச் சட்டியில் போட்டு மூடி அணைத்து, அதையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடந்த பழைய கைத்தராசையும் எடைக்கற்களையும் வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் பிடித்தால் முள் ஆடிக்கொண்டே இருந்தது. ஆயா வாங்கி ஒரு விரலில் தூக்கினாள், அப்படியே நின்றது! இருபது வருஷம் சந்தையில் பலாக்கொட்டையும் முந்திரிப்பழமும் நிறுத்து விற்ற கை. எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் ஐம்பது கிராம் பிசகாது.

முதலில் இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 450 கிராம் விறகு ஆயிற்று. காஸ் என்றால் ஏறக்குறைய 20 கிராமில் முடிகிற வேலை என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டியபோது நானே அசந்துவிட்டேன். ஒரு கிலோ காஸில் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம், நல்ல விறகில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் கல் கூட்டிய அடுப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சுவரைச் சுடவும், புகையாகி ஆயாவின் நெஞ்சில் ஏறவும்தான். ஆயாவுக்கு விடிகாலையில் ஓயாத இருமல். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புப் புகையால் வரும் நோய்களில் உலகில் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பங்கரையிலேயே கிடக்கும் பெண்களும், இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைகளும்தான் அந்தப் புகையை அதிகம் குடிக்கிறார்கள்.

விறகைக் காயவைக்கும் யோசனை என் கணவர் பேச்சிலிருந்து கிடைத்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "அப்ப அந்தத் தண்ணிய ஆவியாக்கவே பாதிச் சூடு போயிடாதா?" என்று கேட்டாள் என் பெண். பாதி இல்லாவிட்டாலும் நிறையவே போகும் என்றார். அவ்வளவுதான், மறுநாள் ஐந்து கிலோ மிலாரை வெயிலில் பரப்பிவிட்டார்கள். மூன்று நாளில் 4 கிலோ 200 கிராம் ஆயிற்று. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் போதுமானதாக இருந்தது. ஊரில் எல்லாரும் அடுப்பு என்றதும் சொல்வது, 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டி இன்றுவரை அணையாமல் வரும் அடுப்பைத்தான். பிள்ளைகள் அதையும் போய்ப் பார்த்து வந்தார்கள். பெரிய அடுப்பு, அளக்கத் தோதுப்படாது என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்தது கம்பித் தட்டு. விறகைத் தரையில் வைக்காமல் ஒரு இரும்புக் கம்பித் தட்டின் மேல் வைத்தால் அடியில் காற்று போகும், நன்றாக எரியும். தட்டு தயாரான அன்றுதான் குழுத் தலைவி பெரியவளானாள். அக்டோபர் மாதம். தாய்மாமன் வந்து வாசலில் ஓலைக் குச்சு கட்டினார். பதினோரு நாள் உள்ளே. பள்ளிக்கூடம் கிடையாது, புத்தகம் நோட்டைத் தொடக்கூடாது என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என் பெண் வந்து அழுதாள். மாவட்ட மாநாட்டுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

போய்ப் பார்த்தேன். குச்சுக்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் அடுப்பு. ஆயா பாட்டுக்கு விறகை நிறுத்துக்கொண்டிருந்தாள். சுவரில் வரிசையாகக் கரிக்கோடு! ஒரு ஐம்பது கிராம் கல்லுக்கு ஒரு கோடு. குச்சுக்குள்ளிருந்து பேத்தி சொல்கிறாள், ஆயா செய்கிறாள். "நோட்டத்தான தொடக்கூடாதுன்னா? செவுத்துக்கு ஒன்னும் தீட்டு இல்லியே" என்றாள் ஆயா என்னிடம், சிரிக்காமல்.

அந்தப் பெண் உள்ளே சும்மா இருக்கவில்லை. ஒரு தடவை தண்ணீர் கொதிப்பதற்குள் ஆயா எத்தனை தரம் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அதையும் ஆயா தனி வரிசையாகக் கோடு போட்டாள். தட்டு இல்லாமல் பதினொன்று, பன்னிரண்டு. தட்டு வைத்த பிறகு மூன்று, நாலு.

விறகோ குறையவே இல்லை. அதே 350, ஒருநாள் 360. நெருப்பு வேகமாகப் பிடித்தது, நேரம் கொஞ்சம் மிச்சம், எடை மட்டும் அப்படியே. தட்டால் விறகு மிச்சமாகும் என்றுதான் பிள்ளைகள் அறிக்கையின் தலைப்பையே எழுதி வைத்திருந்தார்கள். விவரம் தெரிந்த ஒரு பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு சதவீதம் மிச்சம்னு போடுங்க. யாரு வந்து நிறுத்துப் பாக்கப் போறா? மாநில அளவுக்குப் போயிடலாம்" என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பேச்சு நடந்தது. ஒருத்தி போடலாம் என்றாள், ஒருத்தி வேண்டாம் என்றாள், என் பெண் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்ல நினைத்ததை அடக்கிக்கொண்டு காபி கலக்கப் போய்விட்டேன். குச்சிலிருந்து வந்த பெண் மறுநாள் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "ஆயா போட்ட கோடு செவுத்துல அப்படியே இருக்குதே?" அடித்துவிட்டுப் புதுத் தலைப்பு எழுதினார்கள்.

கடலூருக்கு அனுப்ப அவள் அம்மா சம்மதிக்கவில்லை. "பெரிய மனுஷி ஆயிட்டா அக்கா. பஸ்ஸேறி ஊர் ஊராப் போயி மேடையில நின்னு பேசுனா, மாமன் வூட்ல என்னா சொல்லுவாங்க?" நானும் கூட வருகிறேன், சாயந்திரம் ஐந்து மணிக்குள் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு முறத்தில் அரிசி புடைத்தபடியே இருந்தாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. நாலு பேர் வாய்க்குப் பயந்துதானே நாமெல்லாம் வளர்ந்தோம்? ஆயாதான் அடுப்பண்டையிலிருந்து, "நான் போறேன் கூட. எந்த மாமன் கேட்டாலும் என்னாண்ட வந்து கேக்கட்டும்" என்றாள்.

ஆக, கடலூர் பஸ்ஸில் ஐந்து பெண்கள், ஆசிரியை, நான், கைத்தராசு, ஆயா. மேடையில் அந்தப் பெண் நன்றாகவே பேசினாள். நடுவர்களில் ஒருவர் கண் துடைத்த கட்டத்தைக் காட்டி, "இது என்ன அளவு? இதற்குக் கருவி ஏது?" என்று கேட்டார். "புகைய அளக்க எங்ககிட்ட கருவி இல்ல சார். எங்க ஆயா கண்ணுதான் இருந்துது" என்றாள். சிரித்தார்கள், கையும் தட்டினார்கள். அப்புறம் அவர் வெகு நேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள்தானா? ஒரே அளவு தண்ணீரா? காற்று அடித்த நாளை ஒதுக்கினீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

மாநிலத்துக்கு வேறு குழுக்கள்தான் தேர்வாயின. அந்த வருஷ டிசம்பரில் வாரணாசியில் நடந்த தேசிய மாநாட்டுக்கு யார் யார் போனார்கள் என்று என் பெண் பேப்பரில் தேடித் தேடிப் படித்தாள். பங்கேற்றதற்கான சான்றிதழ் ஆளுக்கொன்று வந்தது. ஆயா தனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள், விளையாட்டுக்கில்லை, நிஜமாகவே கேட்டாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அளவெடுத்தவர் என்று அவள் பெயர் இருப்பதைப் பேத்தி படித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள்.

2018-ல் அந்த வீட்டுக்கும் காஸ் வந்துவிட்டது. சோறும் குழம்பும் அதில் ஆனாலும், குளிக்க வெந்நீர் மட்டும் ஆயா கடைசிவரை விறகில்தான் வைத்தாள். கம்பித் தட்டின் மேல், மூன்று நாள் வெயிலில் காய்ந்த மிலாரைப் போட்டு.